போட் மாறினால் கை ஏன் தடுமாறுகிறது? மூளை கையை எப்படித் திட்டமிடுகிறது?

கரம்_வெள்ளவத்தை | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கரம் (கேரம்) விளையாட்டுப் பழக்குகிறேன். இரண்டு விஷயங்கள் நெடுநாளாக மனதைக் குடைகின்றன. மருத்துவமும் பொறியியலும் படித்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்களிடம் இரண்டு போட் உண்டு. ஒன்று நன்றாக ஓடும். மற்றது கடற்காற்றில் ஈரம் பிடித்து இழுக்கும், எவ்வளவு பவுடர் போட்டாலும் சரிவராது. ஓடும் போட்டில் விளையாடிய பிள்ளையை மற்றதில் இருத்தினால் முதல் சில அடிகள் பாதி வழியில் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் கை பிடித்துக்கொள்ளும். திரும்பப் பழைய போட்டுக்கு வந்தால் ஸ்ட்ரைக்கர் பறக்கும். எந்த போட் எப்படி ஓடும் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வான். ஆனாலும் கை கேட்பதில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரம். ஒரு பிள்ளை எப்போதும் காய்க்கு வலப்பக்கமாகத் தள்ளி அடித்தாள். "கொஞ்சம் இடப்பக்கம் பார்த்து அடி" என்றேன். அடுத்த அடி சரியாக விழுந்தது. ஆனால் அப்படியே அடிக்க அடிக்க, மெல்ல மெல்ல இடப்பக்கமாகப் பிழைக்கத் தொடங்கியது. நான் சொன்னதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

எல்லாம் தசைக்குள் இருக்கும் ஞாபகம் என்கிறார் ஒரு நண்பர். தசைக்கு ஞாபகம் உண்டா?


மொறட்டுவை_பொறியியல் | வெள்ளி, இரவு 10.25

அண்ணா, தசைக்கு அப்படி ஞாபகம் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் மூளைக்குள் நடக்கும் வேலை.

நான் படித்தது ரோபோக் கைகளைக் கட்டுப்படுத்துவது. ரோபோவுக்கு ஒரு சின்ன அசைவை எழுதிக் கொடுக்கப் போனபோதுதான் மனிதக் கை எவ்வளவு பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்கிறது என்று விளங்கியது. மேசையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கையை நீட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அரைச் செக்கனில் முடிகிற வேலை. கண்ணால் பார்த்து வழியில் திருத்தலாம் என்றால், கண் கண்டது கையில் திருத்தமாகத் தெரிய 100 முதல் 150 மில்லிசெக்கன் பிடிக்கும். கை எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்கு எட்டும்போது கை அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருக்கும். ஆகவே புறப்படும் முன்னரே ஒரு திட்டம் வேண்டும். போகும்போது கை இந்நேரம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு ஊகமும் வேண்டும்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வூட்வர்த் என்ற உளவியலாளர். 1899இல் அவர் ஆட்களைப் பென்சிலால் ஒரே நீளக் கோடுகளைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்தார். மெதுவாக இழுத்தபோது கண் திறந்திருந்தால் பிழை குறைந்தது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே பிழைதான். கை நீட்டலில் முதலில் ஒரு பாய்ச்சல், கடைசியில் ஒரு திருத்தம் என்று அவர் பிரித்தார். அந்தப் பிரிப்பு இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது.

1981இல் மொராஸோ கையின் பாதையைப் பதிந்தார். தோளும் முழங்கையும் சிக்கலாகச் சுழல்கின்றன, ஆனால் கை மட்டும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. வேகம் மெல்ல ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மெல்ல இறங்குகிறது. யாரை எந்தப் பக்கம் கை நீட்டச் சொன்னாலும் அநேகமாக அதே வடிவம். ஏன் இந்த வடிவம் என்று அப்புறம் பெரிய வாதம் நடந்தது. 1985இல் ஃப்ளாஷும் ஹோகனும், ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) திடீர் திடீரென்று மாறாமல் பார்த்துக்கொண்டால் இந்த வடிவம் தானாக வரும் என்று கணக்கில் காட்டினார்கள். எனக்கு அதைவிட மனதுக்குப் பிடித்தது 1998இல் ஹாரிஸும் வோல்பெர்ட்டும் சொன்னது. தசைக்குப் போகும் கட்டளை எவ்வளவு பெரிதோ, அதில் கலந்திருக்கும் தடுமாற்றமும் அவ்வளவு பெரிது. முடிவில் கை சிதறாமல் போய்ச் சேர வேண்டுமென்றால் கட்டளையைத் திடீரென்று ஏற்றாமல் வழுவழுப்பாகக் கொடுப்பதுதான் வழி. வழுவழுப்பு அழகுக்காக வரவில்லை, துல்லியத்துக்காக வருகிறது.

உங்கள் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இழுக்கும் போட்டில் பலமாக அடிக்க வேண்டும், பலம் கூடினால் சிதறல் கூடும். அங்கே காய் தவறினால் கவனம் இல்லை என்று ஏசாதீர்கள்.


கேள்விக்குறி | வெள்ளி, இரவு 10.51

நல்ல பதிவு. ஆனால் ஆர்முடுகல் கணக்கெல்லாம் மூளைக்குள் உண்மையாகவே நடக்கிறதா? நாலு மாதக் குழந்தையும் கிலுக்குக்குக் கை நீட்டுகிறது. அதற்கு எந்தச் சமன்பாடு தெரியும்? இன்னொன்று, கரம் சுண்டுவது விரல் வேலை. கை நீட்டலைப் பற்றிய ஆய்வை அப்படியே அதற்குப் பொருத்தலாமா?


இயன்மருத்துவர்_சுதா | சனி, காலை 6.30

வணக்கம். கொழும்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். திட்டமிடுவதைப் பற்றித் தம்பி சொல்லிவிட்டார். அண்ணா கேட்டது பழகுவதைப் பற்றி.

1994இல் எம்.ஐ.டி.யில் ஷாட்மேரும் முசா-இவால்டியும் செய்த பரிசோதனை ஏறக்குறைய அண்ணாவின் இரண்டு போட் கதைதான். ஆளின் கையில் ஒரு ரோபோவின் பிடியைக் கொடுத்தார்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றும், பிடியை அங்கே கொண்டுபோக வேண்டும். போகும்போது ரோபோ கையைத் தள்ளும். நின்றால் தள்ளாது, வேகமாகப் போனால் பலமாகத் தள்ளும். முதலில் எல்லோருடைய பாதையும் கொக்கியாக வளைந்தது. நூற்றுக்கணக்கான நீட்டல்களுக்குப் பிறகு பழையபடி நேர்கோடு. அந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ரோபோவைத் தள்ளாமல் விட்டார்கள். கை எதிர்ப்பக்கம் வளைந்தது. யாரும் தள்ளாத வெறும் வெளியில், முதலில் வளைந்ததற்கு நேர்மாறாக.

இந்தப் பின்விளைவுதான் சாட்சி. தள்ளுவதைச் சமாளிக்கக் கையை வெறுமனே விறைப்பாக வைத்திருந்தார்கள் என்றால், தள்ளல் நின்றதும் கை நேராகப் போயிருக்கும். எதிர்ப்பக்கம் போனது என்றால், இன்ன வேகத்தில் இன்ன விசை வரும் என்று மூளை எதிர்பார்த்து, முன்கூட்டியே அதற்கு எதிர்விசை கொடுத்திருக்கிறது. உங்கள் பையனின் ஸ்ட்ரைக்கர் பறப்பதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவன் மூளை இழுக்கும் போட்டை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. கேள்விக்குறி சொன்னதில் நியாயம் உண்டு, விரலால் சுண்டுவதும் கை நீட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் பிழையைக் கண்டு அடுத்த கட்டளையைத் திருத்துவது கண் அசைவு, நடை, எறிதல் எல்லாவற்றிலும் பார்க்கப்பட்ட ஒன்று. விரலுக்கு மட்டும் அது விலக்காக இருக்க நியாயம் இல்லை.

இனி, தெரிந்தும் கை கேட்காதது. 2006இல் மட்ஸோனியும் கிராகவரும் செய்த பரிசோதனையை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. திரையில் கர்சர் கை போகும் திசைக்கு 45 பாகை விலகிப் போகும்படி வைத்தார்கள். பிறகு ஆட்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள்: கர்சர் இவ்வளவு விலகும், ஆகவே பக்கத்துப் புள்ளியை நோக்கிக் கையை நீட்டுங்கள், கர்சர் சரியான புள்ளிக்குப் போகும். உடனே எல்லோருக்கும் சரிவந்தது, பிழை பூச்சியம். ஆனால் தொடரத் தொடரப் பிழை திரும்பி வந்தது, ஆளுக்குத் தெரியாமலே பெரிதாகிக்கொண்டு போனது.

காரணம் இதுதான். அறிவு கேட்பது, கர்சர் புள்ளிக்குப் போனதா என்று. அறிவுக்குக் கீழே இருக்கும் அமைப்பு கேட்பது, நான் நோக்கிய இடத்துக்குக் கர்சர் போனதா என்று. நோக்கியது பக்கத்துப் புள்ளி, கர்சர் போனது வேறிடம். அந்த அமைப்புக்கு அது பிழை. ஆகவே வெற்றி கிடைத்துக்கொண்டிருக்கும்போதே அது தன் பாட்டில் திருத்திக்கொண்டு போகிறது. உங்கள் பிள்ளை இடப்பக்கம் நோக்கினாள், காய் நடுவில் விழுந்தது. நீங்கள் இருவரும் சந்தோஷப்பட்டீர்கள். உள்ளே இருந்த அமைப்பு அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு, நோக்கிய பக்கமே இழுக்கத் தொடங்கியது. நான் அவளைப் பார்க்கவில்லை, ஆகவே அறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியது அந்த ஆய்வில் கண்டதோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது.


உயிரியல்_கொட்டாஞ்சேனை | சனி, காலை 8.05

சுதா அக்கா குறிப்பிடும் அந்த அடியமைப்பின் பெரும்பங்கு சிறுமூளை. உயர்தர மாணவர்களுக்கு மூளி என்று படிப்பிக்கிறோம். "சமநிலை பேணல்" என்று ஒரு வரி எழுதிப் புள்ளி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கடந்து போகிறார்கள், எனக்கு அதில் நிறைய வருத்தம். மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்களில் 6,900 கோடி அளவு அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள பேர்க்கிஞ்சிக் கலம் என்ற பெரிய நரம்புக்கலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழியாகச் செய்தி வருகிறது. ஒன்று, ஒரு இலட்சத்தைத் தாண்டும் மெல்லிய நார்கள். மற்றது, கலத்தைச் சுற்றிப் படரும் ஒரே ஒரு நார். அந்த ஒற்றை நார் பிழையைச் சொல்கிறது, அதைக் கேட்டு மற்ற நார்களின் இணைப்புகள் திருத்தப்படுகின்றன என்ற கருத்தை 1969இல் மார், 1971இல் அல்பஸ் முன்வைத்தார்கள். ஜப்பானில் இட்டோ அதற்குப் பரிசோதனை ஆதாரம் தேடித் தந்தார். எல்லா விவரமும் தீர்ந்த விஷயம் அல்ல, ஆனால் திசை அதுதான்.

முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் என்ற வைத்தியர், சிறுமூளையின் ஒரு பக்கம் பழுதான ஒருவர் தன்னிடம் சொன்னதைப் பதிந்து வைத்திருக்கிறார். நல்ல கை தன்பாட்டில் அசைகிறது, பழுதான பக்கத்துக் கையின் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.


இயன்மருத்துவர்_சுதா | சனி, காலை 8.40

ரீச்சர், நன்றி. அதற்குச் சேர்த்து ஒன்று. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்த 45 பாகைப் பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள், 2010இல், டெய்லரும் ஐவ்ரியும் சேர்ந்து. பக்கத்துப் புள்ளியை நோக்குங்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்களுக்கும் சரிவந்தது. ஆனால் பிறகு விலகிப் போகவில்லை, அல்லது மிகக் குறைவாகத்தான் விலகினார்கள். நோயில்லாதவர்களைவிட நோயாளிகள் நன்றாகச் செய்த ஒரு பரிசோதனை இது. திருத்தும் அமைப்பு பழுதானால், அறிவின் திட்டத்தைக் குழப்ப அங்கே யாரும் இல்லை.

இதே நோயாளிகளுக்குக் காட்சியை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் அரியக் கண்ணாடி போட்டு எறியச் சொன்னால் கதை தலைகீழ். 1996இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் தாச்சின் குழு அப்படிக் களிமண் உருண்டைகளை எறிய வைத்தது. ஆரோக்கியமானவர்கள் முதலில் தள்ளி எறிந்து, எறிய எறிய இலக்குக்கு வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் மறுபக்கம் தள்ளி எறிந்தார்கள். சிறுமூளை பழுதானவர்களில் பலருக்கு இரண்டுமே நடக்கவில்லை. கண்ணாடி போட்டதும் பிழை வந்தது, போகவில்லை. கழற்றியதும் பின்விளைவும் இல்லை.


செட்டியார்தெரு_மகன் | சனி, பிற்பகல் 1.15

அப்பா செட்டியார் தெருவில் நகை வேலை செய்தவர். படிப்பு விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

தகட்டைத் தட்டி மெலிதாக்கும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். பட்டடைக்குமேல் இடக்கை தகட்டைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக நகர்த்தும், வலக்கையில் சின்னச் சுத்தியல். அடி விழும் தடங்கள் ஒன்றின் ஓரத்தை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாகப் போகும், ஒரு மயிரிழை விலகாது. ஆனால் முழங்கையைப் பார்த்தால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருமுறை உடம்போடு ஒட்டியிருக்கும், ஒருமுறை வெளியே போகும், மணிக்கட்டு ஒருமுறை அதிகம் மடங்கும், ஒருமுறை குறைவாக. இடையில் யாராவது வந்து கதைத்தால் தோளைத் திருப்பிக்கொண்டே அடிப்பார், அடி அதே இடத்தில் விழும். கண் சுத்தியலில் இருந்ததே இல்லை, அடி விழப்போகும் இடத்தில்தான் இருக்கும்.

பிறகு நானும் கொஞ்சக் காலம் பழகினேன். நான் முழங்கையை அசைக்காமல் கவனமாக வைத்து அடிப்பேன், தடம் தாறுமாறாக விழும். கையைக் கட்டுப்படுத்தாதவரின் அடி ஒழுங்காகவும் கட்டுப்படுத்தியவனின் அடி ஒழுங்கில்லாமலும் இருந்தது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?


மொறட்டுவை_பொறியியல் | சனி, மாலை 4.50

நீங்கள் கண்டதை 1920களில் மொஸ்கோவில் பேர்ன்ஸ்டைன் படம் பிடித்து அளந்தார். அனுபவமுள்ள தொழிலாளர்களின் கையில் சிறு விளக்குகளைக் கட்டி, அவர்கள் உளிமேல் சுத்தியலால் அடிப்பதைப் பதிந்தார். அவர் கண்டதும் இதேதான். சுத்தியலின் முனை அடிக்கு அடி அதிகம் மாறவில்லை, மூட்டுகளின் கோணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆக, ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியே ஒரு கட்டளையை எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவது அல்ல தேர்ச்சி. அப்படி இருந்தால் மூட்டுகளின் பிழைகள் எல்லாம் கூடி முனையில்தான் அதிகம் தெரிந்திருக்கும். மூட்டுகள் ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்கின்றன.

தோள் முதல் மணிக்கட்டு வரை கைக்கு 7 விதமான சுயாதீன அசைவுகள் உண்டு. வெளியில் ஒரு புள்ளியைத் தொட 3 போதும். மிச்சம் இருக்கும் சுதந்திரம் நெடுங்காலம் ஒரு தலைவலியாகப் பார்க்கப்பட்டது, மூளை எதைத் தெரிவு செய்யும் என்று. 2002இல் டொடோரோவும் ஜோர்டனும் அதைப் புரட்டிப் போட்டார்கள். வேலைக்குக் கேடு வராத விலகலை மூளை திருத்தாமல் விட்டுவிடுகிறது, வேலையைக் கெடுக்கும் விலகலை மட்டும் திருத்துகிறது என்றார்கள். திருத்துவதற்கும் விலை உண்டு, ஒவ்வொரு திருத்தக் கட்டளையும் புதிய தடுமாற்றத்தைக் கொண்டுவரும். உங்கள் அப்பாவின் முழங்கை அலைந்தது, அதைப் பிடித்து நிறுத்தத் தேவை இருக்கவில்லை என்பதால். நீங்கள் அதைப் பிடித்து நிறுத்தியதும் மற்ற மூட்டுகளின் பிழையை ஈடுசெய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

கையைக் கட்டுப்படுத்தாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டுப்பாடு முழுவதும் சுத்தியலின் முனையில் இருந்தது.

கேள்விக்குறிக்கு: மூளைக்குள் யாரும் சமன்பாட்டைத் தீர்க்கவில்லை, ஆர்முடுகல் கணக்கு நாம் வெளியிலிருந்து விவரிக்கும் மொழி. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் தடயம் உண்டு. 1982இல் ஜோர்ஜோபூலஸ் குரங்கின் இயக்கப் புறணியில் (அசைவுக்குக் கட்டளை கொடுக்கும் மூளை மேற்பரப்பில்) கலங்களின் துடிப்பைப் பதிந்தார். ஒவ்வொரு கலத்துக்கும் பிடித்த ஒரு திசை இருந்தது. கை அந்தப் பக்கம் போகும்போது அதிகம் துடிக்கும், விலக விலகக் குறையும். பல கலங்களைச் சேர்த்துப் பார்த்தால் கை எந்தப் பக்கம் போகப் போகிறது என்று வாசிக்க முடிந்தது. பிறகு ஷெனோய், சர்ச்லண்ட் போன்றவர்கள், கை புறப்படும் முன்னரே அந்தக் கலக்கூட்டம் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வந்து நிற்கிறது, அங்கிருந்து அசைவு தன் போக்கில் விரிகிறது என்று காட்டினார்கள். திட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ஆயத்த நிலை.

இவை புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. மூளைத்தண்டில் ஏற்பட்ட பாரிசவாதத்தால் கைகால் அசைக்க முடியாமல் ஏறத்தாழ 15 வருடம் வாழ்ந்த ஒரு பெண், புறணியில் பதித்த மின்முனைகளின் மூலம் ரோபோக் கையை இயக்கித் தானே கோப்பி குடித்த செய்தி 2012இல் வெளிவந்தது. அந்தக் காணொளியில் குடித்து முடித்ததும் அவர் முகத்தைப் பாருங்கள்.


கேள்விக்குறி | சனி, மாலை 5.30

சரி, திட்டம் ஒரு ஆயத்த நிலை என்பது விளங்குகிறது. ஆனால் வழியில் திருத்துவது? நான் பார்த்து, உணர்ந்து, பிறகுதானே திருத்துவேன்?


மொறட்டுவை_பொறியியல் | சனி, மாலை 6.10

உணர வேண்டிய தேவையே இல்லை. 1986இல் குட்டேல், பெலிஸ்ஸோன், பிரப்லாங்க் மூவரும், ஆள் புள்ளிக்குக் கண்ணைத் திருப்பும் அந்தக் கணத்தில் புள்ளியைச் சற்றே நகர்த்தினார்கள். கண் பாயும்போது அப்படி நகர்ந்தது தெரியாது. ஆட்களைக் கேட்டால் புள்ளி நகரவில்லை என்றார்கள். ஆனால் கை புதிய இடத்துக்குப் போனது, வழியில் தடங்கல் இல்லாமல், தன் கை கண்ணுக்குத் தெரியாத இருட்டிலும்கூட. 1999இல் டெஸ்மர்ஜேயின் குழு, உச்சியின் பின்புறமாக இருக்கும் சுவர்ப்புறணியைக் காந்தத் துடிப்பால் ஒரு கணம் குழப்பியபோது இந்தத் திருத்தம் குலைந்தது.


நிலா_பம்பலப்பிட்டி | சனி, இரவு 9.20

இந்த இழையை இரண்டு தடவை வாசித்தேன். சுதா அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை பலவீனம். வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வந்தாயிற்று, பயிற்சிக்கும் கூட்டிப் போகிறோம். விரல்கள் கொஞ்சம் விரிகின்றன. ஆனால் எதையாவது எடுக்கச் சொன்னால் கையை நீட்டாமல் முழு உடம்பையும் முன்னால் சாய்க்கிறார். முழங்கை மடிந்தபடியே இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் இடக்கைதான். நாங்களும் அவர் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மூக்குக்கண்ணாடி, மருந்து, தண்ணீர் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுகிறோம். அம்மா உணவும் ஊட்டிவிடுகிறார். இது நல்லதா கெட்டதா?


இயன்மருத்துவர்_சுதா | சனி, இரவு 10.45

தங்கச்சி, நீங்கள் செய்வது அன்பால் செய்வது, அதில் பிழை தேட மாட்டேன். ஆனால் எழுதியதை வாசித்தவுடன் மனது பதைத்தது. இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

மூளை பிழையிலிருந்துதான் கற்கிறது என்று மேலே இவ்வளவு நேரம் கதைத்தோம். கையை நீட்டாதவருக்குப் பிழையே வராது. வலக்கை தோற்கிறது, இடக்கை வெல்கிறது, வீட்டார் இன்னும் விரைவாகத் தருகிறார்கள். கொஞ்சக் காலத்தில் மூளை வலக்கையைக் கேட்பதையே விட்டுவிடும். கையில் இருக்கும் பலத்தைக்கூடப் பாவிக்காத நிலை வந்துவிடும். இதை முதலில் குரங்குகளில் விளக்கி, பிறகு மனிதருக்குச் சிகிச்சையாக்கியவர் எட்வர்ட் டாப். நல்ல கைக்கு உறை போட்டு, பலவீனமான கையை நாளில் பெரும்பகுதி வேலை செய்ய வைப்பது அந்த முறை. 2006இல் அமெரிக்காவில் 222 பேரோடு நடந்த எக்சைட் என்ற ஆய்வில், பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதமானவர்களுக்கு 2 வாரம் அப்படிச் செய்தபோது, வழமையான பராமரிப்பில் இருந்தவர்களைவிடக் கை நன்றாக வேலை செய்தது, ஒரு வருடத்துக்குப் பிறகும் வித்தியாசம் இருந்தது. அதற்கு மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது விரிய வேண்டும். அப்பாவுக்கு விரிகின்றன என்கிறீர்கள். அவருக்குப் பொருந்துமா என்று அவரைப் பார்க்கும் இயன்மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக உறை போட்டுவிடாதீர்கள். நல்ல கையைக் கட்டிவிட்டால் நடக்கும்போது விழுந்துவிடலாம்.

உடம்பைச் சாய்ப்பது வேறு விஷயம். செட்டியார் தெரு ஐயாவின் முழங்கையை நினைத்துப் பாருங்கள், மூட்டுகள் ஒன்றுக்கொன்று ஈடுகட்டும். அப்பாவின் மூளை இன்னும் அதைத்தான் செய்கிறது. முழங்கை விரியவில்லை, ஆகவே முதுகைக் கொண்டு கோப்பைக்குப் போகிறது. அது புத்திசாலித்தனமான ஈடு. பிரச்சினை என்னவென்றால் முதுகு வேலையை முடித்துக் கொடுக்கும்வரை முழங்கைக்கு வேலை வராது. மொன்றியலில் மின்டி லெவினின் குழு, நெஞ்சைக் கதிரை முதுகோடு பட்டியால் பிடித்து வைத்துக் கை நீட்டப் பழக்கியது. முழங்கை முன்னைவிட விரிந்தது. வீட்டில் பட்டி வேண்டாம். முதுகு சாய்ந்திருக்கும் கதிரையில் நன்றாக இருத்தி, கோப்பையைக் கை எட்டும் தூரத்துக்குள் வையுங்கள். முதுகு கதிரையை விட்டு எழும்பாமல் தொட வேண்டும். எட்டினால் அடுத்த முறை கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் பக்கமாக, கொஞ்சம் உயரமாக. ஒரே இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த இடத்துக்கு மட்டும் பழகும். தோளில் நோ வந்தால் உடனே நிறுத்துங்கள், கையைப் பிடித்து இழுத்து நீட்டவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006இல் பட்டனின் குழு பாரிசவாதக்காரர்களுக்கு ரோபோவால் கையைத் தள்ளிப் பார்த்தது. சிலருக்குப் பிழையைக் குறைக்கும் பக்கம், சிலருக்குப் பிழையைப் பெருக்கும் பக்கம். பாதை திருந்தியது பெருக்கிய பயிற்சியில்தான். வீட்டில் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அது ஆய்வுகூட விஷயம். ஆனால் அவர் கண்ணாடிக்குக் கை நீட்டித் தவறவிடும் அந்த நேரத்தில் அம்மாவின் கை முந்திக்கொண்டு வரக்கூடாது என்பதற்கு எனக்கு அது போதுமான காரணம். சுடுதண்ணீர், மருந்து, கூரான சாமான் தவிர மற்றதைத் தவறவிடட்டும்.


நிலா_பம்பலப்பிட்டி | சனி, இரவு 11.10

நன்றி அக்கா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக் காலை இடியப்பத்தை அப்பாவே பிய்க்கட்டும் என்கிறார். சொதி மட்டும் அம்மா ஊற்றுவாராம்.


கரம்_வெள்ளவத்தை | ஞாயிறு, காலை 7.15

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அப்பா நலமடைய வேண்டிக்கொள்கிறேன்.

சுதா, அப்படியென்றால் நான் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கக் கூடாதா? இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டு போட்டுக்கும் இரண்டு நிற ஸ்ரிக்கர் ஒட்டலாம் என்று யோசிக்கிறேன். சிவப்பு என்றால் இழுக்கும், நீலம் என்றால் ஓடும். கை குழம்பாமல் இருக்குமா?


இயன்மருத்துவர்_சுதா | ஞாயிறு, காலை 8.00

சொல்லிக் கொடுங்கள் அண்ணா. அறிவின் திட்டமும் தன்னைத் திருத்திக்கொள்ளும். டெய்லரும் ஐவ்ரியும் 2011இல் அதே பரிசோதனையை நீண்ட நேரம் ஓட்டியபோது, விலகிப் போனவர்கள் நோக்கும் இடத்தை மாற்றி மாற்றித் திரும்பச் சரிக்கு வந்தார்கள். பிள்ளை இடப்பக்கம் பிழைக்கத் தொடங்கியதும் நீங்கள் அவசரப்பட்டு இன்னொரு கட்டளை கொடுக்காமல் இருந்தால் போதும். அடி எங்கே விழுந்தது என்று அவளையே சொல்ல வையுங்கள், அடுத்து எங்கே நோக்கப் போகிறாள் என்றும் கேளுங்கள். முடிந்தால் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று விரலைப் பாருங்கள். சுண்டும்போது நகம் ஸ்ட்ரைக்கரின் நடுவில் படாமல் ஓரத்தில் படுகிறதோ தெரியாது. அதைத் திருத்தினால் பொய்யாக வேறிடம் நோக்க வேண்டிய தேவையே வராது.


மொறட்டுவை_பொறியியல் | ஞாயிறு, காலை 9.35

நிற ஸ்ரிக்கர் அவ்வளவு உதவாது என்று நினைக்கிறேன் அண்ணா. 2013இல் ஹவார்ட், வோல்பெர்ட், பிராங்க்ளின் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். ஒரு நேரம் ரோபோ கையை வலப்பக்கம் தள்ளும், ஒரு நேரம் இடப்பக்கம், மாறி மாறி. எந்தப் பக்கம் என்பதை நிறத்தால் காட்டியபோது கற்றல் மிகக் குறைவு. ஆனால் இரண்டுக்கும் கை இருக்கும் இடம் வேறாக இருந்தபோது இரண்டையும் தனித்தனியாகப் பழகிக்கொண்டார்கள். பிறகு 2015இல், அடித்த பின் கை எந்தப் பக்கம் தொடர்ந்து போகிறது என்பதுகூட இரண்டு பழக்கத்தையும் பிரித்து வைக்கும் என்று காட்டினார்கள். சுதா அக்கா சொன்ன களிமண் ஆய்விலும் கையைத் தோளுக்கு மேலே தூக்கி எறிந்து பழகியது, கையைக் கீழிருந்து வீசி எறிவதற்குப் பெரும்பாலும் போகவில்லை. உடம்பின் நிலை மாறினால் அந்தத் திருத்தும் அமைப்புக்கு அது வேறு வேலை. நிறம் மாறினால் அதே வேலை.

ஆகவே ஓடும் போட்டை மேசையில் வைத்துக் கதிரையில் இருந்தும், இழுக்கும் போட்டைத் தரையில் வைத்துச் சம்மணம் கொட்டியும் விளையாட விட்டுப் பாருங்கள். கரத்தில் யாரும் இப்படிச் சோதித்ததாக நான் வாசிக்கவில்லை, ஆகவே உறுதி தர மாட்டேன். போட் மாறியதும் முதல் சில அடிகளில் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றது என்று சோக்கட்டியால் குறித்து வையுங்கள். அந்த முதல் அடிகளில்தான் எல்லாம் தெரியும்.


கரம்_வெள்ளவத்தை | ஞாயிறு, காலை 10.05

தரையில் பாய் விரித்தாயிற்று. பிள்ளைகள் பின்னேரம் வருவார்கள். குறித்து எழுத ஒரு ஆள் தேவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கும் யாராவது நாலு மணிக்கு வரலாம் என்றால் தனிமடல் போடுங்கள்.